ஓராண்டுச் சான்றிதழுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமா?

பாலக்கோடு வட்டத்திலிருந்து 26 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதமும் இரண்டு இணைப்புகளும் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021இல் மின்னணுவியலில் முதல் வகுப்பில் பி.இ. முடித்தவர், இடையில் விழுந்த இரண்டு அரியர்களையும் இறுதியாண்டுக்குள் எழுதித் தேறியிருக்கிறார். மூன்று ஆண்டுகளாக ஓசூரில் சர்க்யூட் போர்டு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில், போர்டுகளைக் கேமரா கொண்டு சோதிக்கும் ஏஓஐ இயந்திரத்தில் ஒப்பந்தப் பணி. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 23,000 ரூபாய். காலை ஷிஃப்ட் என்றால் நாலரை மணிக்கே மாரண்டஅள்ளியில் கம்பெனிப் பேருந்துக்கு நின்றாக வேண்டும். இந்த இடத்திலேயே தேங்கிவிடுவோமோ என்ற கவலையில், மின்வாகன மின்னணுவியலில் சிறப்புப் படிப்பு ஒன்றைத் தேடத் தொடங்கியிருக்கிறார்.

சேலத்தில் உள்ள ஒரு கல்வி முகவர், கனடாவில் ஓராண்டு ‘கிராஜுவேட் சர்டிஃபிகேட்’ படித்தால் அது எம்.இ.க்குச் சமம், படித்தபின் மூன்று ஆண்டு வேலை அனுமதி, கல்யாணம் ஆனால் கணவரும் கூட வந்து வேலை பார்க்கலாம், எல்லாம் சேர்த்து 18 லட்சம் ரூபாய் என்று தாளில் எழுதியே கொடுத்திருக்கிறார். 40,000 ரூபாய் முன்பணமும் அசல் சான்றிதழ்களும் அவரிடம் இருக்கின்றன. தக்காளி பயிரிடும் தந்தை, மகளின் முகத்தைப் பார்த்து, ஒன்றரை ஏக்கர் நிலப் பத்திரத்தை அடமானம் வைக்கத் துணிந்துவிட்டார். தாய், கல்யாணத்தை முடித்துவிட்டுப் பேசலாம் என்கிறார். அண்ணனோ, சர்டிஃபிகேட் படிப்பு என்றாலே டுபாக்கூர், இங்கேயே எம்.இ. படி என்கிறார். யார் சொல்வது சரி, பிற்காலத்தில் கல்லூரி ஆசிரியராகவும் இந்தப் படிப்பு உதவுமா என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தியும் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டும் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அண்ணன் சொல்வதும் முழுக்கச் சரியில்லை, முகவர் சொல்வது அதைவிடத் தவறு. முதலில் அந்தப் பெயரையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் குழப்பத்தில் பாதி அதிலிருந்துதான் தொடங்குகிறது.

‘கிராஜுவேட்’ என்பது இங்கே பட்டம் அல்ல

‘கிராஜுவேட்’ என்ற சொல் நம் காதில் பட்டம் என்றே விழுகிறது. இந்தப் படிப்பின் பெயரில் அதற்குப் பொருள் வேறு: ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் படிப்பது என்பதே அது. படித்து முடித்தால் கையில் வருவது சான்றிதழ்தான், இன்னொரு பட்டம் அல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது பெரும்பாலும் நான்கைந்து பாடங்கள், அதாவது 12 முதல் 15 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு). அங்கே முதுநிலைப் பட்டத்துக்கு ஏறத்தாழ 30 கிரெடிட் வேண்டும். ஆஸ்திரேலியாவின் தேசியத் தகுதிக் கட்டமைப்பில் கிராஜுவேட் சர்டிஃபிகேட் எட்டாம் நிலையிலும் முதுநிலைப் பட்டம் ஒன்பதாம் நிலையிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கல்லூரிகள் நடத்தும் இந்தப் படிப்பு வழக்கமாக ஓராண்டு. நம் நாட்டில் இதற்கு நெருங்கிய உறவு, பி.ஜி. டிப்ளமோ என்ற பெயரில் நடக்கும் படிப்புகள். ஆகவே எம்.இ.க்குச் சமம் என்று எந்த நாட்டைச் சொல்லி எழுதிக் கொடுத்தாலும் அது பிழை.

அதற்காக இதை டுபாக்கூர் என்று தள்ளிவிடவும் முடியாது. பத்தாண்டு அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கல் பொறியாளரை, அவருடைய நிறுவனம் திடீரென்று பேட்டரிப் பிரிவுக்கு மாற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு லீவு போட்டு எம்.இ. படிக்க அவரால் ஆகாது; அவருக்குத் தேவை மின்வேதியியல், வெப்ப மேலாண்மை, கட்டுப்பாட்டு அமைப்பு என்ற மூன்று நான்கு பாடங்கள் மட்டுமே. மாலை வகுப்பிலோ இணையத்திலோ, பல நேரம் நிறுவனத்தின் செலவிலேயே அவற்றைப் படித்து வேலையில் உடனே பயன்படுத்துகிறார். பிறகு மனம் வந்தால் அதே கிரெடிட்டுகளை முதுநிலைப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளவும் பல பல்கலைக்கழகங்கள் இடம் தருகின்றன. இந்தப் படிப்பு உருவானதே அத்தகையவர்களுக்காகத்தான். கையில் உள்ள அனுபவத்தின் மேல் வைத்தால் நன்றாக நிற்கும். நாடு மாறுவதற்கு ஏணியாகப் போட்டால் படிகள் பாதியில் முடிந்துவிடும்.

முகவரின் தாளை வரிவரியாகப் பார்த்தால்

நீங்கள் அனுப்பிய தாளை இரண்டு முறை படித்தேன். படிப்பு அனுமதி கேட்கும்போது வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை என்று 20,635 கனடா டாலர் எழுதப்பட்டிருக்கிறது. அது 2024 ஜனவரியில் வந்த தொகை. 2025 செப்டம்பர் 1 முதல் அது 22,895 டாலர் ஆகிவிட்டது. அந்தத் தொகையே நம் கணக்கில் பதினான்கு லட்சத்தை ஒட்டி வரும். அதன்மேல் கல்விக் கட்டணம், பயணம், காப்பீடு எல்லாம் வைத்தால் 18 லட்சத்தில் எப்படி அடங்கும்? பழைய தாளைப் பெயர் மாற்றி உங்களுக்குத் தந்திருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

வேலை அனுமதியைப் பற்றிய வரியும் அப்படியே. எட்டு மாதத்துக்கு மேல், இரண்டு ஆண்டுக்குக் குறைவான படிப்பு என்றால், படிப்பு எவ்வளவு காலமோ அவ்வளவு காலத்துக்குத்தான் அனுமதி. ஓராண்டுச் சான்றிதழுக்கு ஓராண்டு. மூன்று ஆண்டு அனுமதி கிடைப்பது, இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள படிப்புகளுக்கு. 2024 பிப்ரவரியிலிருந்து, குறுகிய காலமானாலும் முதுநிலைப் பட்டத்துக்கும் அது உண்டு. தகுதியுள்ள இரண்டு ஓராண்டுச் சான்றிதழ்களை அடுத்தடுத்துப் படித்துக் கால அளவைக் கூட்டிக்கொள்ள விதியில் வழி இருக்கிறது, ஆனால் அப்போது கட்டணமும் இரட்டிப்பாகும் என்பதை அந்தத் தாள் சொல்லவில்லை. மேலும் 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிச் சான்றிதழ் மாணவர்கள், அந்த நாட்டு அரசு வெளியிட்டுள்ள துறைப் பட்டியலில் தங்கள் படிப்பு இருப்பதையும், நிர்ணயித்த அளவு மொழித் தேர்ச்சியையும் காட்டினால்தான் பிற்பாடு வேலை அனுமதி பெற முடியும். பட்டியலும் அவ்வப்போது மாறுகிறது. ‘எலெக்ட்ரானிக்ஸ்’ என்ற சொல் படிப்பின் பெயரில் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். படிப்புக்குரிய வகைப்பாட்டு எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதே கேள்வி.

கணவரும் வேலை செய்யலாம் என்பதும் முடிந்துபோன கதை. 2025 ஜனவரி 21 முதல் அந்தச் சலுகை, குறைந்தது 16 மாத முதுநிலைப் படிப்பு, முனைவர் படிப்பு, குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றில் சேர்ந்தவர்களின் துணைவருக்கு மட்டுமே. இதை உங்கள் தாயாரிடமும் சொல்லுங்கள், வரன் பார்க்கும் பேச்சில் யாராவது இதை ஒரு தகுதியாகச் சேர்த்துவிடப் போகிறார்கள். அமெரிக்கா போகலாமா என்று ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள்: அங்கே பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் 24 மாதக் கூடுதல் பணிப்பயிற்சி அனுமதி பட்டத்துக்கு உரியது, சான்றிதழுக்கு இல்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கலவரப்படுத்தியது இரண்டாவது இணைப்பு. "வங்கியில் பணம் காட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கட்டணம் தனி" என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி அது. சில வாரங்களுக்கு யாரோ ஒருவருடைய பணத்தை உங்கள் கணக்கில் போட்டு எடுப்பதைத்தான் அவர் சொல்கிறார். கனடா சட்டத்தில் அது தவறான தகவல் கொடுத்த குற்றம். கண்டுபிடிக்கப்பட்டால் ஐந்து ஆண்டுகள் அந்த நாட்டுக்குள் நுழையத் தடை, அதுவும் உங்கள் பெயரில், முகவரின் பெயரில் அல்ல. 2023இல் போலிச் சேர்க்கைக் கடிதங்களோடு அங்கே போயிருந்த இந்திய மாணவர்கள் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். அவர்களில் பலர் அந்தக் கடிதம் போலி என்று தங்களுக்கே தெரியாது என்றுதான் சொன்னார்கள். அதன்பிறகு அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடமே சரிபார்க்கிறார்கள்.

நிலமும் வட்டியும்

20 லட்சம் ரூபாயை 11 சதவீத வட்டியில் பத்தாண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை 27,500 ரூபாயைத் தாண்டுகிறது. இதுவும் முதல் மாதத்திலிருந்தே கட்டினால்தான். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை வேண்டாம் என்று விட்டுவைப்பார்கள். அந்த இரண்டு ஆண்டுக்கும் வட்டி 4,40,000 ரூபாய் ஓடி, அசலோடு சேரும். பிறகு தவணை 33,000 ரூபாய்க்கு மேல். இப்போது உங்கள் கைக்கு வரும் சம்பளமே 23,000. ஓராண்டு வேலை அனுமதி முடிந்து ஊர் திரும்ப நேர்ந்தால் இந்தத் தவணையை ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை எப்படி இருக்கிறதோ அதை நம்பிக் கட்ட வேண்டியிருக்கும். கிலோ மூன்று ரூபாய்க்குக்கூட எடுக்க ஆளில்லாமல் தக்காளியைச் சாலையோரத்தில் கொட்டிவிட்டு வந்த நாட்களை உங்கள் தந்தை பார்த்திருப்பார். அவர் தயாராக இருப்பது அவருடைய அன்பு. அந்த அன்புக்காகவே இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். அடமானக் கடன் என்றால் அவருக்கு அசல் மட்டும்தான் கண்ணில் தெரிந்திருக்கும்.

வெளிநாடு போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போவதென்றால் முதுநிலைப் பட்டத்துக்காக, உதவித்தொகை ஏதேனும் கிடைக்கும் நிலையில், இன்னும் இரண்டு ஆண்டுக் குறிப்பிட்ட துறை அனுபவத்தோடு போவது வேறு கணக்கு. முடித்துவிட்ட அரியர்கள் அதற்குத் தடையாகாது, மறைக்க முயன்றால்தான் தடை.

உங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்கினால்

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், நீங்கள் பெரிதாக நினைக்காமல் எழுதிய ஒரு பத்தி இருக்கிறது. இயந்திரம் பிழை என்று நிறுத்தும் போர்டுகளில் எவை உண்மையில் பிழை, எவை வெறும் எச்சரிக்கை என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறீர்கள். 0402 என்ற மிகச் சிறிய அளவுக் கபாசிட்டர் ஒரு முனையில் எழுந்து நிற்கும் பிழை, லைன் மூடிக் கிடந்து திங்கட்கிழமை மறுபடி ஓடும் முதல் மணி நேரத்தில் அதிகம் வருகிறது என்று அந்த நோட்டிலிருந்து கண்டுபிடித்திருக்கிறீர்கள். காரணம் பாகங்களைப் போர்டில் பற்றவைக்கும் சால்டர் பேஸ்ட்டா, அதை உருக்கும் அடுப்பின் வெப்பநிலையா என்று சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, "உன் வேலையைப் பாரும்மா" என்று பதில் வந்ததாம். அம்மா, அதுதான் உங்கள் வேலை. மூலகாரண ஆய்வு என்று சொல்லிக்கொடுக்கக் கல்லூரியில் நாங்கள் தலைகீழாக நிற்கிறோம். நீங்கள் ஷிஃப்ட்டுக்கு இடையில் அதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

‘மின்வாகனப் படிப்பு’ என்று ஒரே படிப்பு கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பேட்டரியைக் கண்காணிக்கும் மின்சுற்று, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர், அவற்றுக்குள் ஓடும் எம்பெடட் மென்பொருள், இவை எல்லாவற்றின் பாதுகாப்புச் சோதனை என்று அது நான்கைந்து தனித்தனி வேலைகள். 2022இல் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு ஏஐஎஸ்-156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. பேட்டரிப் போர்டு ஒன்றின் சால்டர் இணைப்பு எந்த நிலையில் ஏற்கத்தக்கது, எந்த நிலையில் இல்லை என்று தீர்மானிக்கத் தெரிந்தவர்களுக்கு மதிப்புக் கூடியது அதனால்தான். போச்சம்பள்ளி சிப்காட்டிலும் ஓசூரிலும் மின் ஸ்கூட்டர்களே தயாராகின்றன. இந்த வேலைகளைத் தேடி நீங்கள் கடல் கடக்க வேண்டிய கட்டாயம் இன்று இல்லை.

ஆகவே உங்கள் கையில் இருப்பதை ஒட்டிய மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

உடனே செய்யக்கூடியது, இருக்கும் வேலையை விடாமல் தகுதியைக் கூட்டுவது. மின்னணுப் போர்டுகளின் ஏற்புத் தரத்துக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் ஐபிசி-ஏ-610 என்ற ஆவணத்தில் பயிற்சி பெற்றுத் தேர்வெழுதினால் இரண்டு ஆண்டு செல்லுபடியாகும் சான்றிதழ் தருகிறார்கள். சில நாள் பயிற்சிதான். உங்கள் மனிதவளப் பிரிவிடம் நிறுவனச் செலவில் அனுப்புவார்களா என்று எழுதிக் கேளுங்கள். கூடவே, ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையவழிப் பாடங்களில் எம்பெடட் சிஸ்டம் அல்லது மின்வாகனம் பற்றிய 12 வாரப் பாடம் ஒன்றை எடுங்கள். படிப்பது இலவசம், நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 1,000 ரூபாய். அந்தச் சான்றிதழைக் காட்டினால் மட்டும் யாரும் வேலை தந்துவிட மாட்டார்கள். ஆனால் அந்தப் பாடத்தை உட்கார்ந்து படிக்க உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது பன்னிரண்டு வாரத்தில் தெரிந்துவிடும், அதைத் தெரிந்துகொள்ள 18 லட்சம் செலவழிக்க வேண்டியதில்லை.

பிடித்திருந்தால் இரண்டாவது வழி, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் நடத்தும் எம்பெடட் சிஸ்டம் வடிவமைப்புக்கான பி.ஜி. டிப்ளமோ. ஆறு மாத முழுநேரப் படிப்பு, ஏறத்தாழ 900 மணி நேரம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுநுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். கட்டணம் வரியோடு ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும். நிலத்தைத் தொடாமல் உங்கள் சேமிப்பிலும் சிறு கடனிலும் முடிக்கக்கூடிய தொகை. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் அவர்களுக்கு வளாகம் இருக்கிறது, ஓசூரிலிருந்து எட்டும் தூரம். இதில் இடர் ஒன்று உண்டு: வேலையை விட வேண்டும், ஆறு மாதம் சம்பளம் இராது, முடித்தவர் எல்லோருக்கும் வேலை உறுதி என்று எவரும் சொல்ல முடியாது. சி மொழியில் நிரல் எழுதுவது உங்களுக்கு இப்போது எந்த அளவுக்கு வருகிறது என்று கடிதத்தில் இல்லை. அது பலவீனமாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் நுழைவுத் தேர்வுக்குப் போக வேண்டும். என்னைக் கேட்டால், உங்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

மூன்றாவது, அண்ணன் சொல்லும் எம்.இ. முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் தகுதி பெற்று, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பதை அவரும் அறியாமல் இருக்கலாம். கல்லூரி ஆசிரியராகும் எண்ணம் உண்மையில் உறுதியானது என்றால் இதற்கு மாற்று இல்லை: பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக பி.இ.யும் எம்.இ.யும் வேண்டும், இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு வேண்டும். உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ வாங்கிய எந்தச் சான்றிதழும் அந்த இடத்தை நிரப்பாது. பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணிக்கோ முதல் வகுப்பு பி.இ. பட்டமே அடிப்படைத் தகுதி. அது உங்களிடம் இப்போதே இருக்கிறது.

கல்யாணத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆறு மாதப் படிப்பு என்று சொல்லும்போது உங்கள் தாயாரோடு அந்தப் பேச்சு எளிதாகும் என்று மட்டும் தோன்றுகிறது.

அசல் சான்றிதழ்கள்

இதை வேறு எதற்கும் முன்னால், இந்த வாரமே செய்யுங்கள். சேர்க்கைக்கு விண்ணப்பிக்க ஸ்கேன் செய்த நகல் போதும்; உங்கள் மதிப்பெண் பட்டியலையும் பட்டச் சான்றிதழையும் பிடித்து வைக்க முகவருக்கு எந்த உரிமையும் இல்லை. வாய்ப்பேச்சு வேண்டாம். எந்தத் தேதியில் எந்தெந்த அசல்களைக் கொடுத்தீர்கள் என்று பட்டியலிட்டு, ஏழு நாளுக்குள் அவற்றையும், செய்யாத வேலைக்கான முன்பணத்தையும் திருப்பித் தரும்படி பதிவு வசதியுள்ள ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ப்பித்ததற்கான ஒப்புகையோடு கடிதம் அனுப்புங்கள். 40,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லதாயிற்று. அந்த விவரத்தையும், எம்.இ.க்குச் சமம் என்று அவர் கைப்பட எழுதிய தாளையும், வாட்ஸ்அப் செய்தியையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசலைத் தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். பணத்துக்கு, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்து, பலன் இல்லையென்றால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். முகவர் சேலத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் வழக்குக் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

சான்றிதழ்களை வாங்கப் போகும்போது அண்ணனையும் அழைத்துச் செல்லுங்கள். நிலப் பத்திரத்தின் நகலைத் தந்தை ஏற்கெனவே அவர்களிடம் கொடுத்திருந்தால், அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.